முறிவில்லாமல் விற்கப்படும் மருந்து: அரபு மூலிகை மருத்துவத்தின் பாதுகாப்பு எங்கே தளர்ந்தது?

பேய்க்குமட்டிக் காயைப் பற்றி இடைக்கால அரபு மருந்து நூல்கள் சொல்வதை ஒருமுறை படித்தால் போதும். "மூலிகைதானே, கெடுதல் செய்யாது" என்ற பேச்சு அந்த மரபிலிருந்து வந்ததில்லை என்பது விளங்கிவிடும். அரபியில் ஹன்ழல் எனப்படும் அந்தப் பாலைவனக் கொடியின் காய் கடும் பேதி மருந்து. அதன் பயனைச் சொன்ன கையோடு நூல்கள் விதிகளை அடுக்குகின்றன. கொடியில் ஒற்றைக் காயாகக் காய்த்திருப்பதைத் தொடக்கூடாது. பச்சை நிறம் மாறாத காயைப் பறிக்கக்கூடாது. விதையையும் தோலையும் நீக்கிச் சதையை மட்டும் எடுக்கவேண்டும். அதையும் மிக நுண்ணிய பொடியாக்கவேண்டும். துகள் பெரிதாக இருந்தால் குடலில் ஒட்டிப் புண்ணாக்கும். அதன்பிறகும் தனியாகக் கொடுக்கக்கூடாது. கத்தீரா, ரூமி மஸ்தகி ஆகிய பிசின்களில் ஒன்றைக் கலந்தே கொடுக்கவேண்டும். இன்று அதே காய், சர்க்கரை நோய்க்கு நல்லது என்ற ஒற்றை வரியுடன் மொராக்கோ முதல் சவூதி வரை கடைகளில் கிடைக்கிறது. அதைத் தின்று இரத்தக் கழிச்சலோடு மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றிய குறிப்புகள் மருத்துவ இதழ்களில் உள்ளன. காய் மாறவில்லை, அதைச் சுற்றி நின்ற விதிகள்தாம் போய்விட்டன.

அரபு மருந்து நூல்களில் ஒவ்வொரு பொருளுக்கும் எழுதப்பட்ட பதிவு ஓர் ஒழுங்கில் அமைந்தது. பெயர், வெப்பம் அல்லது குளிர்ச்சியின் தரம், பயன் ஆகியவற்றுக்குப் பின் அது எந்த உறுப்பைக் கெடுக்கும், அந்தக் கெடுதலைத் திருத்தும் பொருள் எது, எவ்வளவு கொடுக்கலாம், அது கிடைக்காவிட்டால் பதிலாக எதைக் கொடுக்கலாம் என்று பதிவு நீளும். 1599-இல் இறந்த தாவூத் அல்அன்தாக்கியின் மருந்துக் களஞ்சியம் வரை இந்த வரிசை தொடர்கிறது. கெடுதலைத் திருத்தும் பொருளுக்கு முஸ்லிஹ் என்று பெயர். சித்த மருத்துவத்தின் சுத்தி முறைகளையும், கெடுதலை மாற்றும் முறிவுகளையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதிதாக இராது. ஸ்கமோனி என்னும் வேர்ப்பிசினைச் சீமைமாதுளைப் பழத்துக்குள் வைத்துச் சுட்டு, அதன் கடுமையைத் தணித்த பிறகே பேதிக்குக் கொடுத்தார்கள். ஒரு பொருள் மருந்தாவது அது எடுக்கப்பட்ட செடியால் மட்டுமல்ல, அதற்குச் செய்யப்பட்ட வேலையாலும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்னு சீனா (980–1037) தமது 'கானூன்' நூலின் இரண்டாம் பாகத்தில் ஏறத்தாழ 800 தனிமருந்துகளை விவரிக்கிறார். அவற்றின் வீரியத்தை அவர் நான்கு படிகளாகப் பிரித்தார். முதற்படியில் உள்ள மருந்தின் விளைவு புலனுக்கே எட்டாது. இரண்டாம் படியில் விளைவு தெரியும்; கெடுதல் இராது. மூன்றாம் படியில் கெடுதல் உண்டு. ஆனால் உடலை அழிக்காது. நான்காம் படி அழித்துவிடும், அதாவது நஞ்சு. உணவுக்கும் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே சுவர் எழுப்பாமல், ஒரே ஏணியின் படிகளாக அவற்றைப் பார்த்த பார்வை இது. மருந்தைச் சோதிப்பதற்கும் அவர் விதிகள் வகுத்தார். மருந்தில் வெளிக்கலப்பு இருக்கக்கூடாது. ஒற்றை நோயில் சோதிக்கவேண்டும், பல நோய் கலந்த உடலில் அல்ல. விளைவு எப்போது தோன்றுகிறது என்று கவனிக்கவேண்டும். எப்போதும் அல்லது பெரும்பாலும் அதே விளைவு வருகிறதா என்று பார்க்கவேண்டும். சோதனை மனித உடலிலேயே நடக்கவேண்டும், ஏனெனில் சிங்கத்திலோ குதிரையிலோ கண்டது மனிதனுக்குப் பொருந்தாமல் போகலாம். இவற்றுள் "பெரும்பாலும் அதே விளைவு" என்ற விதியை மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். அறிவுக்கூர்மை மிக்க இந்த விதியே சில ஆபத்துகளை நூற்றாண்டுகளாக மறைத்தும் வைத்தது.

கடைத்தெருவுக்கும் காவல் இருந்தது. சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபுக்கு வழிகாட்டியாக 12-ஆம் நூற்றாண்டுச் சிரியாவில் அல்ஷைஸரீ எழுதிய கையேடு, மருந்து வணிகர்களின் கலப்படங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. அபினில் கொம்புப் பாப்பி என்னும் செடியின் சாற்றைக் கலப்பார்கள். அப்படிக் கலந்ததை நீரில் கரைத்தால் குங்குமப்பூ வாடை வரும். இந்தியாவிலிருந்து கப்பலில் போன மூங்கிலுப்பில், சூளையில் எரித்த எலும்பைக் கலப்பார்கள். நீரில் போட்டால் எலும்பு மூழ்கும், மூங்கிலுப்பு மிதக்கும். ஆய்வகம் இல்லாத காலத்தில் ஒரு கிண்ணம் நீரை வைத்துக்கொண்டு செய்யக்கூடிய சோதனைகள் இவை. இதைப் படித்துவிட்டு அது பொற்காலம் என்று எண்ணிவிடவும் கூடாது. கலப்படம் மலிந்திருந்ததால்தான் கையேடு தேவைப்பட்டது.

ஏடும் கடையும் பிரிந்தது 19-ஆம் நூற்றாண்டில். எகிப்தில் முகமது அலியின் ஆட்சியில், பிரெஞ்சு மருத்துவர் குளோ பேயின் பொறுப்பில் 1827-இல் அபூஸபலில் மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1837-இல் அது கெய்ரோவின் கஸ்ருல் ஐனிக்கு மாறியது. பிற அரபு நாடுகளிலும் வேறுவேறு காலங்களில் இதுவே நடந்தது. படித்த மருத்துவர் என்றால் ஐரோப்பிய மருத்துவம் படித்தவர் என்றானது. இப்னு சீனாவை வரிவரியாகப் படித்து நோயாளியின் நாடி பார்த்து மருந்து எழுதிய ஹக்கீம் மெல்ல மறைந்தார். நிலைத்து நின்றவர் அத்தார் என்னும் மூலிகை வணிகர். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையைப் போன்றதுதான் அத்தார் கடை: நறுமணப் பொருள், மசாலா, மருதாணி, சாம்பிராணி, வேர், பட்டை, பூ, கல் எல்லாம் ஒரே கூரையின் கீழ். துனிஸிலும் ஃபெஸிலும் எருசலேமிலும் அத்தார்களின் தெருக்கள் இன்றும் அந்தப் பெயராலேயே வழங்குகின்றன. முன்பு அத்தார் பொருளை எடுத்துக் கொடுப்பவர். நோயை அறிவதும் மருந்தைத் தேர்வதும் அளவைக் குறிப்பதும் இன்னொருவரின் வேலை. இப்போது அந்த எல்லா வேலைகளும் அவர் தலையில் விழுந்துவிட்டன. தந்தையிடமிருந்து தொழில் கற்ற தேர்ந்த அத்தார்கள் இன்றும் உண்டு. கடைக்கு நேற்று வந்த உதவியாளர் நிறுத்துக் கொடுக்கும் இடங்களும் உண்டு.

இந்தியாவில் யுனானி வேறு வழியில் போனது. அரபு மருத்துவத்தின் வாரிசான அந்த முறைக்குச் சென்னை உட்படப் பல ஊர்களில் அரசுக் கல்லூரியும் பட்டப்படிப்பும் உண்டு. அந்த மருத்துவத்தின் பிறந்த மண்ணிலோ மரபு பெரும்பாலும் வீட்டுக்கும் கடைக்கும் உரிய அறிவாகவே மிஞ்சியது.

இன்று அரபு நாடுகளில் மூலிகையால் விளையும் தீங்கு இரண்டு வகைப்படும். ஏடு அறிந்திருந்து கடை மறந்தவை ஒரு வகை. ஏட்டுக்கே எட்டாதிருந்தவை மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் மரபின் ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழாமல் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் வகைக்கு வட ஆப்பிரிக்காவின் அத்தாத் நல்ல எடுத்துக்காட்டு. அட்ராக்டிலிஸ் கம்மிஃபெரா என்பது அதன் தாவரவியல் பெயர். தரையோடு ஒட்டி வளரும் முள்செடி. நடுவில் இளஞ்சிவப்புப் பூத்தலை. தடித்த வேர் சற்றே இனிக்கும். மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா மூன்றிலும் புகைபோடவும், கட்டிகளின்மேல் பூசவும், சில இடங்களில் உள்ளுக்குக் கொடுக்கவும் அதன் வேரைப் பயன்படுத்துகிறார்கள். மக்கள் உணவாகத் தோண்டியெடுக்கும் காட்டுக் கூனைப்பூ வகைகளை அது ஒத்திருப்பதால், வசந்த காலத்தில் வயல்வெளியில் திரியும் சிறுவர்கள் தவறுதலாக அதைத் தின்றுவிடுகிறார்கள். செடியிலிருந்து கசியும் வெள்ளைப் பிசினைச் சூயிங்கம்போல் மெல்வதும் உண்டு. உடனே எதுவும் தெரியாது. பல மணி நேரம் கழித்து, சில வேளைகளில் மறுநாள், வாந்தியும் வயிற்றுவலியும் தொடங்கும். இரத்தச் சர்க்கரை சரிந்து, நினைவு தப்பி, கல்லீரலும் சிறுநீரகமும் செயலிழக்கும்.

அந்த வேரிலுள்ள அட்ராக்டிலோசைடும் அதன் உறவுச் சேர்மமும், உயிரணுவின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில், ஆற்றலைச் சுமக்கும் ஏடிபி வெளியேறும் வாயிலை அடைத்துவிடுகின்றன. ஆற்றல் உற்பத்தியாகும் இடத்திலிருந்து அதைச் செலவிடும் இடத்துக்குப் போகாது. அதற்கு முறிமருந்து கிடையாது. தாங்கு சிகிச்சை மட்டுமே உண்டு. ரபாத்திலுள்ள மொராக்கோவின் நச்சுக் கட்டுப்பாட்டு மையம் தாவர நஞ்சேற்றங்களில் இதை உயிரிழப்புக்கு முக்கியமான காரணமாகப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. கிராமத்து முதியவர்களுக்கு இந்தச் செடி நஞ்சென்று தெரியும். நகரத்துக் கடையில் காய்ந்த வேராக வாங்குபவருக்கு, அது எந்தச் செடியின் வேர் என்பதே தெரியாது.

பொருள் மாறாட்டத்துக்கு இன்னும் கொடிய ஒரு கதை தகாவுத். தமரிஸ்க் மரத்தில் பூச்சிகளால் உண்டாகும் கழலைகளைப் பொடித்துக் கூந்தலைக் கருப்பாக்குவது மொராக்கோவின் பழைய வழக்கம். அந்தக் கழலைகள் கிடைப்பது அரிதானபோது, அதே வேலையை விரைவாகச் செய்யும் ஒரு வேதிப்பொருள் அதே பெயரோடு அத்தார் கடைக்குள் நுழைந்தது: கருங்கல் துண்டுகளைப்போலத் தோன்றும் பாராஃபினைலின்டையமின். உள்ளூர்த் தகாவுத், அந்நியத் தகாவுத் என்று வேறுபடுத்திச் சொல்வது உண்டு என்றாலும், பொட்டலத்தில் அப்படி எதுவும் எழுதியிருக்காது. இது வயிற்றுக்குள் போனால் சில மணி நேரத்தில் முகமும் கழுத்தும் வீங்கி மூச்சுக்குழல் அடைபடும். அதைத் தாண்டினால் தசைகள் சிதைந்து, சிறுநீர் கருத்து, சிறுநீரகம் நின்றுபோகும். மொராக்கோவில் இதனால் இறந்தவர்களில் பலர் தற்கொலை முயற்சியில் அதை விழுங்கிய இளம்பெண்கள். சூடானிலும் மருதாணியின் நிறத்தைக் கூட்டுவதற்காகப் பெண்கள் இதே கல்லைக் கலந்துவந்ததால் மருத்துவமனைகள் நிரம்பிய காலம் உண்டு. செடியின் பெயரைத் தாங்கிய செயற்கைப் பொருளைச் செடியின் கணக்கில் எழுதுவது நியாயமா என்று கேட்கலாம். வாங்குபவர் அதை மூலிகை என்று நம்பித்தானே வாங்குகிறார்? பாதுகாப்பைப் பற்றிய கணக்கு அந்த நம்பிக்கையிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

உணவாகவே பழகிய பொருள்களில் அளவு மறந்துபோவது இன்னொரு நிலை. எகிப்திலும் சிரியாவிலும் ரமலான் மாலைகளில் அதிமதுரப் பானத்துக்குத் தனி இடம் உண்டு. வேரின் நாரைச் சிறிது சோடா உப்புத் தூவி, நீர் தெளித்துப் பிசைந்து, கருமை ஏறும்வரை ஊறவைத்துத் துணியில் வடிகட்டுகிறார்கள். வயிற்றோடு பெரிய பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு பித்தளைத் தாளத்தைத் தட்டியபடி போகும் விற்பனையாளர் கெய்ரோவின் தெருவடையாளங்களில் ஒருவர். அதிமதுரத்தின் கிளிசிரைசின், கார்டிசோல் ஹார்மோனைச் சிறுநீரகத்தில் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. அதனால் உடல் உப்பைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை இழக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, தசை தளர்கிறது, இதயத்துடிப்பு பிசகலாம். நலமாக உள்ளவர் நோன்பு திறந்ததும் ஒரு குவளை குடிப்பதில் கவலைப்பட எதுவும் இல்லை. இரத்த அழுத்தத்துக்கு நீரிறக்கி மாத்திரையோ இதயத்துக்கு டிகாக்சினோ எடுப்பவர் மாதம் முழுதும் தாராளமாகக் குடித்தால் கதை வேறு. பொட்டாசியம் குறைந்த உடலில் டிகாக்சின் நஞ்சாக மாறும். ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினைத் தாண்டவேண்டாம் என்பது ஐரோப்பிய உணவு வல்லுநர் குழுவின் அறிவுரை. வீட்டில் வடித்த பானத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து குடிப்பவர் யாரும் இல்லை.

துர்முஸ் என்னும் லூபின் பருப்பைப் பாருங்கள். அதைச் சில நாள்கள் ஊறவைத்து, பலமுறை நீரை மாற்றி, கசப்புப் போனபின் உப்போடு தின்பார்கள். கசப்பு நீரில்தான் லூபனின், ஸ்பார்ட்டைன் போன்ற அல்கலாய்டுகள் இறங்கியிருக்கின்றன. அதனால்தான் பாட்டிமார்கள் அதைக் கொட்டினார்கள். சர்க்கரை குறையும் என்று அதே கசப்பு நீரைக் குடித்தவர்கள் வாய் வறண்டு, கண்மணி விரிந்து, பார்வை மங்கி, குழம்பிய நிலையில் மருத்துவமனைக்கு வந்திருக்கிறார்கள். கசந்தால் சர்க்கரைக்கு நல்லது என்ற எண்ணம் நமக்கும் அந்நியமானதல்ல. பாலஸ்தீனத்தில் தேநீரில் போடும் மரமிய்யா, அதாவது சேஜ் இலை, தலைமுறைகளாகத் தீங்கின்றிப் புழங்குவது. அதே செடியின் வடித்தெடுத்த எண்ணெயைக் குழந்தைக்குக் கொடுத்து வலிப்பு வந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. இலைக்கு இருந்த நற்பெயரை எண்ணெய்ப் புட்டி எந்தத் தேர்வும் எழுதாமல் வாங்கிக்கொள்கிறது. இன்றைய மாத்திரைக் கூடுகள், சாறுகள், எண்ணெய்கள் அனைத்துக்கும் இது பொருந்தும்.

கருஞ்சீரகத்தையும் இங்கே சொல்லவேண்டும். மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் மருந்து என்ற நபிமொழி புகாரியின் தொகுப்பில் இருப்பதால், அதைப் பற்றிக் கேள்வி கேட்பதே சமயத்தைக் கேள்வி கேட்பதாகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அல்கத்தாபி போன்ற பழைய உரையாசிரியர்களே, அந்தச் சொல் பொதுவாக அமைந்திருந்தாலும் குளிர்ச்சியாலோ ஈரத்தாலோ வரும் நோய்களையே குறிக்கிறது என்று விளக்கம் எழுதினார்கள். சமையலில் சேரும் விதையால் கெடுதல் இல்லை. சர்க்கரைக்கோ அழுத்தத்துக்கோ ஏற்கெனவே மருந்து எடுப்பவர் அதன் எண்ணெயை அளவின்றி எடுக்கும்போது, ஒரே திசையில் இழுக்கும் இரண்டு மருந்துகள் சேர்ந்துவிடுகின்றன என்பதே கவலை.

இனி இரண்டாம் வகை. வேகமாகவும் பலருக்கும் ஒரேபோலவும் வரும் தீங்கைத்தான் கூர்ந்த கண்ணாலும் பிடிக்க முடியும். பத்தாண்டு கழித்து வருவதையும், ஆயிரத்தில் ஒருவருக்கு வருவதையும் எந்த ஹக்கீமும் பார்த்திருக்க வழியில்லை. பார்த்திருந்தாலும், "பெரும்பாலும் அதே விளைவு" வராததால், இப்னு சீனாவின் விதிப்படி அதைத் தற்செயல் என்று தள்ளியிருப்பார்.

ஜஃதா என்னும் சாம்பல் நிறச் சிறுசெடி, டியூக்ரியம் போலியம், சிரியா முதல் பாலஸ்தீனம் வரையுள்ள லெவண்ட் பகுதியின் மலைச்சரிவுகளில் வளர்கிறது. வயிற்றுவலிக்கும் சர்க்கரைக்கும் அதைக் காய்ச்சிக் குடிப்பது பாலஸ்தீனத்திலும் ஜோர்தானிலும் சர்வ சாதாரணம். அதன் நெருங்கிய உறவான ஜெர்மாண்டர் செடியின் பொடி, பிரான்சில் 1986 முதல் உடல் எடையைக் குறைக்கக் கூடுகளில் விற்கப்பட்டது. மஞ்சள்காமாலையோடு வந்தவர்களின் எண்ணிக்கை கூடக்கூட, 1992-இல் தடை செய்யப்பட்டது. அந்தச் செடி ஐரோப்பாவிலும் நூற்றாண்டுகளாக வீட்டு மருந்துதான். பலர் ஒரே நேரத்தில், நிலையான அளவில், வாரக்கணக்கில் எடுத்ததும், பார்ப்பதற்கு மருத்துவமனைகள் இருந்ததும் அதன் முகத்தைக் காட்டின. இந்தச் செடிகளிலுள்ள டைடெர்பீன் சேர்மங்கள் அப்படியே நஞ்சல்ல. கல்லீரலே தன் நொதியால் அவற்றை வினைவேகம் மிக்க பொருளாக மாற்றி, தன் புரதங்களைத் தானே சிதைத்துக்கொள்கிறது. நொதியின் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒரே குடும்பத்தில் மூவர் குடித்து ஒருவருக்கு மட்டும் காமாலை வரலாம். மற்ற இருவரின் அனுபவமே அந்த ஊரில் மருந்துக்குச் சான்றாக நிற்கும். ஜஃதாவால் வந்த கல்லீரல் அழற்சியும் மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து பலமுறை பதிவாகியுள்ளது.

அரிஸ்டோலோக்கியா இனம் இன்னும் மெதுவாகக் கொல்வது. அரபு நூல்களில் ஸராவந்த் என்ற பெயரில் வரும் இந்த வேர்கள் கிரேக்கர் காலத்திலிருந்தே மருந்து. பிரசெல்ஸில் 1990-களின் தொடக்கத்தில் எடைகுறைப்பு மருத்துவம் செய்துகொண்ட பெண்களுக்குச் சிறுநீரகங்கள் அடுத்தடுத்துச் சுருங்கிப்போனபோது, ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக இந்த இனத்துச் செடி வந்து சேர்ந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அவர்களில் பலருக்குப் பின்னர் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயும் வந்தது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அரிஸ்டோலோக்கிக் அமிலத்தை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் வைத்திருக்கிறது. அல்ஜீரியாவிலும் மொராக்கோவிலும் இந்த இனத்தின் வேர்ப்பொடியைத் தேனில் குழைத்துத் தருவது எதற்காகத் தெரியுமா? புற்றுநோய்க்கு. கீமோதெரபியால் ஏற்கெனவே சுமையேறிய சிறுநீரகத்தின்மீது இந்தச் சுமையும் ஏறுகிறது. சூடானில் உம் கலாகில் என்ற பெயரில் வழங்கும் செடி நம் வயல் வரப்புகளில் வளரும் ஆடுதின்னாப்பாளையேதான். எனவே இந்தப் பத்தியை நாம் வேற்றூர்ச் செய்தியாகப் படித்துவிட்டுப் போக முடியாது.

அத்தார் கடையின் கனிமப் பொருள்கள் மூலிகை அல்ல. ஆனாலும் அதே தட்டில்தான் இருக்கின்றன. ஓமானிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் பிறந்த குழந்தையின் வயிற்றுப் பொருமலுக்குப் பின்த் அல்தஹப் என்ற மஞ்சள்நிறப் பொடியைக் கொடுக்கும் வழக்கம் இருந்துவந்தது. அது ஈய ஆக்சைடு, நாம் மிருதார்சிங்கி என்று அறிந்த பொருள். பழைய நூல்களில் அது முதன்மையாகக் களிம்பில் சேர்வது. கண்ணுக்கு இடும் சுருமாவைப் பலர் ஆன்டிமனி என்று எண்ணுகிறார்கள். வளைகுடா நாடுகளின் கடைகளில் வாங்கிப் பகுப்பாய்ந்த மாதிரிகளில் கணிசமானவை ஈய சல்ஃபைடாகவே இருந்தன. கண்ணிலிட்ட மை கைவழியே குழந்தையின் வாய்க்குப் போகிறது. வளரும் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

மேலே சொன்னவற்றில் எதிலும் சேராத ஒரு தீங்கும் வந்துவிட்டது: மூலிகைப் பெயரில் ஒளிந்திருக்கும் ஆங்கில மருந்து. ஆண்மைக்கென்று விற்கும் தேன்களில் வயாகராவின் மூலப்பொருளான சில்டெனாஃபிலும் அதன் வகையைச் சேர்ந்த டடாலாஃபிலும் அறிவிக்காமல் கலந்திருந்ததாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022-இல் எச்சரித்தது. இத்தகைய தேன்கள் அரபு நாடுகளின் சந்தையிலும் தாராளமாகப் புழங்குகின்றன. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர் இதைத் தின்றால் இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்குச் சரியலாம். வலி தீர்க்கும் பொடியில் ஸ்டீராய்டு, எடை குறைக்கும் பொடியில் தடைசெய்யப்பட்ட சிபுட்ரமின் என இந்த வரிசை நீளும். அன்று அபினில் சாறு கலந்தவர் பணம் மிச்சப்படுத்தக் கலந்தார். இன்று கலப்பவர் மருந்து வேலை செய்யவேண்டும் என்பதற்காகக் கலக்கிறார். கிண்ணத்து நீர் இதைக் காட்டிக்கொடுக்காது.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. சவூதி உணவு மருந்து ஆணையம் மூலிகைப் பொருள்களைப் பதிவுசெய்கிறது, சந்தையில் பிடிபடுபவற்றைப் பெயரோடு வெளியிடுகிறது. அபுதாபியில் மூலிகை ஆய்வுக்கென்றே ஸாயித் வளாகம் அமைந்தது. வட இஸ்ரேலின் கலிலீயிலும் பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையிலும் அரபு ஆய்வாளர்கள், மக்கள் புழங்கும் செடிகளின் சாற்றை வளர்த்தெடுத்த கல்லீரல் உயிரணுக்களில் சோதித்து, கடுமையான நஞ்சு எதிலும் உண்டா என்று வடிகட்டிவருகிறார்கள். பயனுள்ள முதல் சல்லடை அது. ஆனால் தட்டில் வளரும் உயிரணுவுக்கு வேறு மருந்துகள் கிடையாது, கர்ப்பம் கிடையாது, பத்தாண்டு ஆயுளும் கிடையாது. மேலும் இந்த ஒழுங்குமுறை எல்லாம் புட்டியிலும் கூட்டிலும் அடைத்து வருவதற்கே பெரிதும் பொருந்துகிறது. அத்தாதும் தகாவுத்தும் ஜஃதாவும் மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துத் தரப்படுபவை. அவற்றுக்குப் பதிவெண் இல்லை, தொகுதியெண் இல்லை, காலாவதி நாள் இல்லை. என்னைக் கேட்டால், அதிகாரிகள் தங்களுக்கு எளிதான பக்கத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

மருத்துவரிடம் சொல்லாமை இந்த இடைவெளியை இன்னும் அகலமாக்குகிறது. மூலிகை எடுக்கிறீர்களா என்று மருத்துவர் கேட்பதில்லை. கேட்டால் ஏசுவார் என்று நோயாளி சொல்வதில்லை. வெந்தயம், இஞ்சி, பூண்டு போன்றவற்றை மருந்தளவில் எடுப்பவர் அதையெல்லாம் மருந்தென்றே நினைப்பதில்லை, எனவே கேட்டாலும் இல்லை என்பார். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவருக்கும் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கும் அந்த ஒரு பதில் இரத்தப்போக்காக முடியலாம்.

தீங்கு நேர்ந்தபின் அதை எழுதிவைப்பதிலும் சிக்கல் உண்டு. ஷீஹ் என்ற மூலிகைப் பெயரை நாட்டுக்கு நாடு வெவ்வேறு ஆர்ட்டெமீசியா இனங்களுக்கு வைத்திருக்கிறார்கள். நோயாளியின் குடும்பம் சொல்வது ஊர்ப்பெயர். மீதமிருந்த பொடி குப்பைக்குப் போயிருக்கும். கடைக்காரரிடம் கொள்முதல் பதிவேடு இராது. செடி எதுவென்று உறுதிப்படாத நிகழ்வை, உலக அளவில் வழங்கும் மருந்துக் கண்காணிப்பு அளவுகோலின்படி பெரும்பாலும் "சாத்தியம்" என்ற தாழ்ந்த தரத்திலேயே பதிய முடிகிறது. அந்தத் தரத்தில் எத்தனை அறிக்கைகள் சேர்ந்தாலும் ஒரு பொருளைத் தடைசெய்யப் போதிய ஆதாரம் என்று எந்த ஆணையமும் எளிதில் ஏற்பதில்லை. இரத்த மாதிரியை எடுக்கும்போதே பொட்டலத்தின் எச்சத்தையும் கேட்டு வாங்கி, தாவரவியலாளர் ஒருவருக்கு அனுப்பும் பழக்கம் உள்ள மருத்துவமனைகளிலிருந்துதான் அத்தாதைப் பற்றியும் ஜஃதாவைப் பற்றியும் இன்று நமக்கு உறுதியாகத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி வந்திருக்கிறது.